மாதாஜி அறுத்துக் கொடுத்த போர்வை

பெட்டியைத் திறந்ததும் நீ முதலில் தேடப்போவது அந்தப் போர்வையைத்தான் என்று எனக்குத் தெரியும். சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட அந்த மலைப் போர்வையை நான்தான் எடுத்துவிட்டேன். அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தாதே, அவள் மேல் தப்பில்லை. இன்று காலை நீ முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரம் பார்த்து எடுத்தேன். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் சொந்த மகனின் பெட்டியில் திருடியிருக்கிறேன். போர்வை இருந்த இடத்தில் இந்தக் கடிதம் இருக்கும். மூன்று நாளாக பாங்கு வாசலில், காவல் ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதியது இது. மேனேஜர் கூட, "என்னங்க, கதை எழுதிகினு இருக்கீங்களா?" என்று கேட்டார். இத்தனை நாள் சொன்னதுதான் சார் கதை என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. நேரில் உன்னிடமே சொல்லியிருக்கலாம். மூன்று வாரமாக அதற்குத்தான் பார்த்தேன். நீ அந்தப் போர்வையைப் பற்றிச் சிரித்த முகத்தோடு பேச ஆரம்பிப்பாய், என் வாய் அடைத்துக்கொள்ளும். இப்போது ரயில் காட்பாடியைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும், என்னால் இதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கம்பெனியில் செல்போன் டவர் போட மூன்று மலை இடங்களைச் சொல்லி, யார் போகிறீர்கள் என்று கேட்டார்களாம். எல்லோரும் குனிந்து பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். நீ மட்டும் கை தூக்கினாய். அன்று போனில் நீ சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது: "அப்பா, உங்களுக்கு மரியாதை பண்ண ஊருப்பா அது! லிஸ்ட்ல பேரப் பாத்ததும் கை தானா மேல போயிடுச்சி." அருணாசலம் என்றதும் நம் தெருவில் பாதிப் பேர் திருவண்ணாமலை என்றே நினைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு ஆயா, "பேஜாரே இல்ல, பௌர்ணமிக்கு நாங்களும் வருவோம்" என்று உனக்கு ஆறுதல் வேறு சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் இது வடகிழக்கு எல்லையில் இருக்கும் அருணாசலப் பிரதேசம். ரோடு முடிந்தபின் இரண்டு நாள் நடக்க வேண்டியிருந்த ஊர் அது. அங்கே நீ போவது சம்பளத்துக்காக இல்லை, என் கதையை நம்பித்தான் போகிறாய். அந்தக் கதை பொய்.

கதை உனக்குத் தலைகீழ்ப் பாடம். எல்லையோரக் கிராமத்தில் ஒரு தறியில் இழைகள் அறுந்து கிடந்தன, ஆரணிக்காரரான உன் அப்பா அவற்றைச் சேர்த்தார், அந்த ஊர் அம்மா அசந்துபோய், நெய்துகொண்டிருந்த போர்வையை அப்படியே அறுத்து எடுத்துப் பரிசாகக் கொடுத்தாள். உனக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் போர்வையைத்தான் கேட்பாய். ஐந்தாவது படிக்கும்போது பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் அதைப் போர்த்திக்கொண்டு மலைவாசியாக நின்றாய். நான் லீவில் வந்திருந்தேன். ஹெட்மாஸ்டர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார். கோட்டை மைதானத்துக்கே கேட்கும்படி அந்தக் கதையைச் சொன்னேன். உனக்கு ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா பரிசு. கீழே இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நீ நடந்த நடை இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். நான் வயர்லெஸ் பிரிவில் இருந்தேன். நீ மூன்றாவது படித்த வருஷம் எங்களைப் பத்துப் பேரை அந்த ஊருக்கு மேலே ஒரு சின்ன முகாமில் போட்டார்கள். ஊர் என்றால் முப்பது வீடு இருக்கும். மூங்கில் கால்கள் மேல் நிற்கும் மூங்கில் வீடுகள், நடுவில் அணையாத அடுப்பு. தானியக் குதிர்களை மட்டும் வீடுகளை விட்டுத் தள்ளி ஒரு மேட்டில் கட்டியிருப்பார்கள். வீடு தீப்பிடித்தாலும் சோறு மிஞ்ச வேண்டும் என்ற கணக்கு. அந்தக் குதிர் ஒன்றுக்கும் பூட்டு கிடையாது. ஆற்றின் மேலே பிரம்பால் பின்னிய பாலம், வருஷா வருஷம் வீட்டுக்கு ஒருவர் வந்து அதைப் புதிதாகக் கட்டுவார்கள். ஊருக்குப் பின்னால் இருந்த மலை முதுகில்தான் எல்லை. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களும் இவர்களுடைய சனம்தான். ஒரு காலத்தில் உப்பும் கம்பளியும் வாங்க, பெண் கொடுக்க, பெண் எடுக்க என்று போய்வந்துகொண்டிருந்தார்கள். பிறகு கோடு வந்தது, நாங்கள் வந்தோம், போக்குவரத்து நின்றது. கிழவர் ஒருவர் மலையைக் காட்டி, அதோ அங்கே என் அத்தை வீடு, உயிரோடு இருக்கிறாளா தெரியாது என்று என்னிடம் சொன்னார். துப்பாக்கி வைத்திருந்த என்னிடமே சொன்னார், கோபமில்லாமல். அந்தப் பக்கத்துப் பெண்களும் இதே சிவப்பு, கறுப்புக் கட்டத்தைத்தான் இன்றும் நெய்வார்கள் என்றார். ஆளைப் பார்க்காவிட்டாலும் துணியைப் பார்த்தால் எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடுவார்களாம்.

அங்கே நெய்வது பெண்கள் மட்டும்தான். நம்முடையது போலக் குழித்தறி இல்லை. பாவின் ஒரு முனையை, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளின் முனையை, வீட்டுத் தூணில் கட்டி, மறுமுனையை ஒரு தோல் பட்டையால் இடுப்பில் மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் வந்தால் தளரும். எங்களுக்குப் பூசணிக்காய் கொடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். பட்டாளத்துப் பழக்கத்தில் மாதாஜி என்று கூப்பிடுவேன். பூசணி வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, அவர் நெய்வதைப் பார்க்கத்தான் போவேன். எனக்குத் தெரிந்த ஒரே சங்கதி அந்த ஊரில் அது ஒன்றுதான். நீ நினைப்பது போல நான் சந்தோஷமாகப் பட்டாளத்துக்குப் போகவில்லை. தறியில் உட்கார மாட்டேன் என்று உன் தாத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனேன். கல்யாணம் செய்து வைத்தார், நீ பிறந்ததும் பேர் வைத்தார், ஆனால் பத்து வருஷம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் இருந்தபோது தறிச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த மலையில் உட்கார்ந்து, எவளோ ஒருத்தி நெய்யும் சத்தத்தைக் கேட்க ஒரு மணி நேரம் இறங்கிப் போனேன்.

ஒரு நாள் மதியம் மாதாஜி நெய்துகொண்டிருந்தார், நான் படியில் உட்கார்ந்திருந்தேன். ஆற்றுப் பக்கம் கூச்சல். பாலத்தின் பிரம்பு ஒன்று விட்டுவிட்டதாம். ஊரே ஓடியது. அவரும் இடுப்புப் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். நானும் எழுந்தேன், ஆனால் அதற்குள் பன்றிக்குட்டி ஒன்று வாசலில் ஏறி, தரையில் கிடந்த பாவுக்குள் காலை விட்டு, மிரண்டு இழுத்துக்கொண்டு ஓடியது. பதினோரு இழை அறுந்தது. நம் தெருப் பழக்கம் உனக்குத் தெரியும். யார் வீட்டுத் தறியாக இருந்தாலும், இழை அறுந்து தொங்குவது கண்ணில் பட்டால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் முடிந்துவிட்டுத்தான் மறுவேலை. தறிக்காரர் சாப்பிடப் போயிருப்பார், அவரைக் கேட்கக்கூட வேண்டாம். நான் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்தும் பார்க்காமல் ஒரு தடவை தாண்டிப் போய்விட்டேன். தாத்தா தெருவிலேயே காதைப் பிடித்தார்: "அறுந்த இழைய பாத்துகினே போறியே, கண்ணு இன்னாத்துக்குடா இருக்குது?" அந்தக் காது வலி பட்டாளம் போயும் போகவில்லை. பக்கத்தில் நூல் உருண்டை இருந்தது. உட்கார்ந்தேன். பத்து வருஷமாகத் தொடாத வேலை, விரல் மறக்கவில்லை. அரை மணியில் பதினோரு இழையையும் அதனதன் இடத்தில் சேர்த்து, முடிச்சை உருட்டி, தடவினால்கூடத் தெரியாதபடி செய்துவிட்டேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னால் நான் அந்த மலையில் இருந்ததே இல்லை.

பாலத்தைக் கட்டிவிட்டு மாதாஜி திரும்பி வந்தார். பாவைப் பார்த்தார். குனிந்து ஒவ்வொரு இழையாகத் தொட்டுப் பார்த்தார். யார் செய்தது என்று இந்தியில் கேட்டார். நான் என் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அவர் தரையில் உட்கார்ந்து பாவை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சுவரில் செருகியிருந்த கத்தியை எடுத்து, முக்கால்வாசி நெய்திருந்த போர்வையைத் தறியிலிருந்து அறுத்தார். மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். இனிமேல் இது உன்னுடையது என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அட்டென்ஷனில் நின்று சல்யூட் அடித்தேன்.

அது போதாதென்று இன்னொன்றும் செய்தேன். பதினைந்து நாளில் அவருடைய ஒரே மகனுக்குக் கல்யாணம். எங்களையும் கூப்பிட்டார்கள். நான் அந்தப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். மரியாதை செய்த துணியைப் போட்டுக்கொண்டு போகாமல் இருந்தால் நன்றாக இருக்குமா என்று நினைத்தேன். கூட்டம் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தியது. என்னைப் பார்த்து அசந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை போர்த்தியிருந்த துணி பழையது, ஓரம் பிய்ந்திருந்தது, முழங்கால் வரைகூட வரவில்லை. பாவம், புதுத்துணி எடுக்க வழியில்லை போல என்று பக்கத்தில் இருந்த ஆளிடம் சொன்னேன். மாதாஜி என் இலையில்தான் முதலில் இறைச்சி வைத்தார். அவர் முகத்தில் வித்தியாசமாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் பார்க்கவும் இல்லை.

மாற்றல் வந்து கீழே இறங்கியபோது, சாமான் தூக்கிக்கொண்டு அந்த ஊர் போர்ட்டர் ஒருவர் கூட வந்தார். எங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம், இந்தி நன்றாகப் பேசுவார். இரண்டாம் நாள், ரோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சுமையை இறக்கிவிட்டு, ஒன்று சொல்லட்டுமா என்றார். அவர்கள் ஊரில் துணி தறியில் இருக்கும்வரை ஆண் கை அதன் மேல் படக் கூடாது. பட்டால் அந்தத் துணி கெட்டது, அதை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அறுத்து இறக்கிய பிறகு யார் வேண்டுமானாலும் தொடலாம். மகனின் கல்யாணத்துக்குத் தாய் தன் கையால் நெய்த போர்வையைத்தான் போர்த்த வேண்டும். மாதாஜி நான்கு மாதமாக நெய்துகொண்டிருந்தது அதைத்தான். மறுபடி நெய்ய நாள் இல்லை. மாப்பிள்ளை போர்த்தியிருந்தது அவனுடைய மாமாவின் பழைய துணி. இத்தனை மாதமாக ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்: "மாதாஜிதான் சொல்ல வேணாம்னாங்க. அவன் ஊர்ல ஆம்பளைங்கதான் நெய்வாங்களாம், நல்லதுன்னு நெனச்சி செஞ்சான், அவன் கிட்ட போயி கெட்டதுன்னு எப்படி சொல்றது, சந்தோஷமா இருக்கான், இருந்துட்டுப் போவட்டும்னாங்க."

நான் திரும்பிப் போயிருக்கலாம். மிஞ்சிப் போனால் இரண்டு நாள் நடை. லாரி நின்றுகொண்டிருந்தது, லீவுச் சீட்டு சட்டைப்பையில் இருந்தது, நீயும் அம்மாவும் காத்திருந்தீர்கள். இதெல்லாம் சாக்கு. எனக்கு மாதாஜியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. லாரியில் ஏறிவிட்டேன். வழியில் அந்தப் போர்வையை ஆற்றில் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன், நான்கு மாத உழைப்பை எறிய நெசவுக்காரன் கைக்கு மனசு வரவில்லை.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது தாத்தா தறியில் இருந்தார். வழக்கம்போல நிமிரவில்லை. நான் பெட்டியைத் திறந்து உனக்கும் அம்மாவுக்கும் வாங்கியதை எடுத்தபோது அந்தப் போர்வை வெளியே விழுந்தது. அவர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த தறி நாடாவை நிறுத்தினார். தறிக் குழியிலிருந்து ஏறி வந்து, அதை எடுத்து, உள்பக்கம் வெளிப்பக்கம் புரட்டிப் பார்த்தார். "யார் நெய்ஞ்சது? கை சுத்தமா இருக்குதே." அப்புறம் அவருடைய கட்டைவிரல் ஓர் இடத்தில் நின்றது. யார் கண்ணுக்கும் தெரியாத அந்த முடிச்சுகளை அவர் விரல் கண்டுபிடித்துவிட்டது. "இத முடிஞ்சது நீயா?" என்றார். "ஆமாம்பா." "கை மறக்கலடா." பத்து வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. இது உங்கிட்ட எப்படி வந்தது என்று கேட்டார். நான் என்ன சொல்வது? "மரியாதை பண்ணாங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் அந்தப் போர்வையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். டீக்கடையில், நெசவாளர் சங்கத்து வாசலில், ரைஸ்மில்லில், ஒரு இடம் விடாமல் காட்டினார். என் மகன் என்று சொல்லிச் சொல்லிக் காட்டினார். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு தடவை சொன்ன பொய், அவர் போகிறவரைக்கும் அவருக்காக என்று வைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு உனக்காக என்று வைத்துக்கொண்டேன். உனக்கு என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல இருந்த ஒரே கதை அது. அதைக் கொடுத்துவிட்டு உன் எதிரே வெறுங்கையோடு நிற்க எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

அம்மாவிடம் செய்த தப்பையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். அந்த லீவில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே அவள் கேட்டாள்: "அங்க பொம்பளைங்களே நெய்றாங்களாமே? அப்ப நான் ஒக்காந்தா இன்னா?" நம் வீட்டில் அப்போது பெண்கள் நூல் சுற்றுவார்கள், பாவுக்குக் கை கொடுப்பார்கள், தறிக் குழியில் இறங்க மாட்டார்கள். தாத்தா இருமினார். நான் உடனே, "அந்த ஊரு வேற, இந்த ஊரு வேற, போயி வேலையப் பாரு" என்றேன். ஓர் ஊரில் ஆண் தொடக் கூடாது என்பதற்காக என் மனசு எவ்வளவு புண்பட்டது, அதே வாயால் இவளைத் தொடாதே என்று சொன்னேன். தாத்தா போன பிறகு தறி சும்மா கிடந்தது. நான் ரிடையராகி பாங்கு வேலையில் சேர்ந்திருந்தேன், நீ ஹாஸ்டலில் இருந்தாய். ஒரு நாள் சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தால் வீட்டுக்குள் தறிச் சத்தம். இருபது வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. "டீ பிளாஸ்க்ல இருக்குது" என்றாள், அவ்வளவுதான்.

உனக்கு ஆர்டர் வந்த அன்றைக்கு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைவிட அவளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் கவலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்தப் பொம்பள புள்ளைக்கு ஒரு துணி போத்த முடியாம கல்யாணம் பண்ணியிருக்குது. நீங்க மைக்குல பேசிகினு இருந்தீங்களா?" என்றாள். மூன்றாம் நாள் தறியில் ஏறி இருந்த புடவையை முடித்துவிட்டு, அதே பாவில் மிஞ்சிய நீளத்தில் மாதாஜி வீட்டுக்கென்று ஒரு பட்டுப் போர்வையை ஆரம்பித்தாள். அரக்குச் சிவப்பு, ஓரத்தில் மெலிதாக ஒரு கரை, நடுவில் ஒன்றுமில்லை. அவர்களுடைய கட்டத்தைப் போடலாமே என்றேன். "அது அவங்க வூட்டு அடையாளம், அத நான் ஏன் எடுக்கணும்? எங்க ஊரு துணிய எங்க ஊரு துணியாவே குடுப்போம்" என்றாள். நெய்துகொண்டிருந்தபோது மூன்று தடவை இழை அறுந்தது. ஒரு தடவை நான் எதிரிலேயே இருந்தேன். கை தானாக நீண்டுவிட்டது, என்ன செய்ய, தாத்தா பிடித்த காது. அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "தொட்டீங்கன்னா இதையும் அறுத்து உங்க தோள்லயே போட்டுடுவேன்." நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் அந்த இழையைத் தேடி, ஊசி கோக்கப் போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெதுவாக முடிந்தாள். நான் செய்திருந்தால் பாதி நேரம்தான் ஆகியிருக்கும். அந்தப் பாதி நேரத்தைப் பொறுத்துக்கொள்ள எனக்கு வியர்த்துவிட்டது. என் வயசில் இதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, நீ இருபத்திரண்டிலேயே கற்றுக்கொள்.

நீ இப்போது அங்கே போகப் பிரியப்படாமல் இருக்கலாம். பொய்யை நம்பித்தான் கை தூக்கினாய், உண்மை தெரிந்தபின் கையை இறக்கினால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். போவதாக இருந்தால் மட்டும் மேலே படி. டவருக்கு எந்த மேடு தோது என்று உன் கருவி ஒன்றைக் காட்டும். அந்த மேட்டில் அவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கருவிக்குத் தெரியாது. கேள். ஆண்களைக் கேட்டுவிட்டு வந்துவிடாதே, பெண்களையும் கேள். சரி என்று சொன்னார்களா, இல்லை உன் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று சும்மா இருந்தார்களா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள். உனக்கு நன்றாகத் தெரிந்த வேலையில்தான் நீ கேட்காமல் கை வைப்பாய், எனக்கு அப்படித்தான் ஆனது. யாராவது எதையாவது கையில் கொடுத்தால், இது என்ன, எதற்காக என்று கேட்டு வாங்கு. அப்புறம், குளிருக்குக் காலில் இரண்டு சாக்ஸ் போடு. இதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

மாதாஜி இருந்தால் எழுபதைத் தாண்டியிருப்பார். இல்லையென்றால் அவர் மகன் இருப்பான், அவனுக்கு இப்போது நாற்பதுக்குள் இருக்கும். வீட்டுக்கு வெளியே நின்று, நீ யார் என்று சொல். பூசணி வாங்க வந்த மதராசி வயர்லெஸ்காரன் மகன் என்றால் தெரியும். என் அப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, தெரிந்தும் திரும்பி வரவில்லை, ஊரில் போய்ப் பொய் சொன்னார் என்று சொல். இதை இந்தியில் நான்கு வரியாக எழுதி, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். என்னைக் காப்பாற்றுகிற மாதிரி எதையும் நடுவில் சேர்க்காதே. பிறகு, பெட்டியின் அடியில் வெள்ளைத்துணியில் சுற்றி வைத்திருப்பதை எடுத்து, இரண்டு கையாலும் கொடு. பட்டுக்குச் சாயம் போட்டதும் பாவு ஓட்டியதும் நம் தெரு ஆண்கள்தான், அதை மறைக்காதே. ஆனால் தறியில் ஏறியதிலிருந்து அறுத்து இறக்கும்வரை ஒரு பெண்ணின் கை தவிர வேறு கை அதில் படவில்லை. ஒரு மகனுடைய தாய் நெய்தது என்று சொல். வாங்கிக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் திருப்பிக் கொண்டுவா. அவர்களிடம் மன்னிப்பை வாங்கி வா என்று உன்னை நான் அனுப்பவில்லை. மாதாஜியின் போர்வை இங்கே என் அலமாரியில் இருக்கும், நம் வீட்டில் இனி யாரும் அதைப் போர்த்த மாட்டோம்.

அறுத்து இறக்கிய பிறகு ஆண் தொடலாம் என்றுதான் போர்ட்டர் சொன்னார். நேற்று அம்மா அறுத்து இறக்கி, முற்றத்து வெயிலில் பிடித்துக் காட்டி, "இப்ப தொடலாமில்ல, தொட்டுப் பாருங்க, நல்லா வந்திருக்குதா?" என்று கேட்டாள். நான் தூரத்தில் இருந்தே பார்த்தேன். நன்றாக வந்திருந்தது. மடித்தது அவள், சுற்றியது அவள், உன் பெட்டியில் வைத்ததும் அவள்தான். கடிதத்தை மட்டும்தான் நான் வைத்தேன்.